அட்டையில் தங்க முத்திரை: குழந்தைகளின் படப் புத்தகத்துக்கு யார், எப்படி விருது கொடுக்கிறார்கள்?

ஜார்ஜ் டவுனில் ஏதாவது புத்தகக் கடைக்கோ மலிவு விற்பனைக்கோ போனால், குழந்தைகள் பகுதியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சில ஆங்கிலப் படப் புத்தகங்களின் அட்டையில் வட்டமான தங்க நிற முத்திரை ஒன்று இருக்கும். குதிரை ஒன்று தலைதெறிக்க ஓட, அதன் மேல் ஒருவர் தொற்றிக்கொண்டிருப்பார். சில புத்தகங்களில் அதே முத்திரை வெள்ளி நிறத்தில் இருக்கும்.

அது பதிப்பகத்தின் விளம்பரம் இல்லை. 'கால்டெகாட் பதக்கம்' என்ற விருதின் அடையாளம். பாலர் பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கும்போது அந்த முத்திரையை நம்பலாமா? அதன் பின்னால் என்ன நடக்கிறது? தமிழில் இப்படி ஒன்று இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கால்டெகாட் என்பது யார்?

ரண்டால்ஃப் கால்டெகாட் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேய ஓவியர். 1846இல் பிறந்து, 1886இல் 40 வயது நிறைவதற்குள் இறந்துவிட்டார். வரிகள் சொல்வதையே திரும்ப வரையாமல், வரிகள் சொல்லாததைப் படத்தில் சொன்னவர் என்பதால் இன்றைய படப் புத்தகத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவரைக் கருதுகிறார்கள். முத்திரையில் உள்ள குதிரைக்காரர், கால்டெகாட் வரைந்த ஜான் கில்பின் என்ற கதாபாத்திரம்.

அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் 1922 முதல் இருந்து வந்தது. அது எழுத்துக்கான விருது. 'அப்போ படம் வரைபவருக்கு?' என்ற கேள்வி எழுந்தது. 1937இல் ஃபிரெடெரிக் மெல்ச்சர் என்பவர் ஓவியர்களுக்குத் தனி விருது வேண்டும் என்று முன்மொழிந்தார். அடுத்த ஆண்டே, 1938இல், முதல் பதக்கம் டாரத்தி லேத்ராப்புக்குக் கிடைத்தது. அன்று முதல் ஆண்டுதோறும் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் நூலகப் பிரிவு இதை வழங்குகிறது.

விருது யாருக்கு?

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: பதக்கம் எழுத்தாளருக்கு இல்லை, ஓவியருக்கு. எழுதியவர் வேறு, வரைந்தவர் வேறு என்றால், மேடை ஏறிப் பதக்கம் வாங்குபவர் வரைந்தவர்தான்.

இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அம்மா வரிகளைப் படிக்கிறார், பிள்ளை படத்தைப் 'படிக்கிறது'. அந்த வயதில் பிள்ளை தானாகப் படிக்கக்கூடியது படம் மட்டும்தான். அதை உருவாக்கியவரை 'கதைக்குப் படம் போட்டவர்' என்று ஓர் ஓரமாக நிறுத்தினால், புத்தகத்தின் பாதியை நிறுத்தியதாகிவிடும்.

சொல்லே இல்லாத புத்தகங்களும் வென்றிருக்கின்றன. 2010இல் வென்ற ஜெர்ரி பிங்க்னியின் 'தி லயன் அண்ட் தி மவுஸ்' நமக்கெல்லாம் தெரிந்த சிங்கம், சுண்டெலி கதைதான். ஆனால், புத்தகத்தில் உறுமலும் கீச்சொலியும் மாதிரி சில ஒலிகளைத் தவிர வேறு வசனம் கிடையாது.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நடுவர் குழுவில் 15 பேர். முந்தைய ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த படப் புத்தகங்களை ஆண்டு முழுக்கப் படித்து, கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு விவாதிப்பார்கள். உள்ளே பேசியது வெளியே வரக்கூடாது என்பது விதி.

பிறகு வாக்கெடுப்பு. ஒவ்வொருவரும் முதல், இரண்டாம், மூன்றாம் இடத்துக்குரிய புத்தகங்களை எழுதித் தர வேண்டும். முதல் இடத்துக்கு 4 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 3, மூன்றாம் இடத்துக்கு 2. வெல்லும் புத்தகத்தைக் குறைந்தது 8 பேர் முதல் இடத்தில் வைத்திருக்க வேண்டும். அதோடு, அடுத்து வரும் புத்தகத்தைவிட 8 புள்ளிகளாவது கூடுதலாகப் பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி விவாதம், மறுபடி வாக்கு. பதக்கம் வென்ற புத்தகத்துக்குத் தங்க முத்திரை. குழு சிறப்பித்துச் சொல்லும் மற்ற புத்தகங்களுக்கு வெள்ளி முத்திரை.

நீதி சொன்னால் விருதா?

இல்லை. நம் ஊர்ப் பெற்றோரையும் ஆசிரியர்களையும் யோசிக்க வைக்கும் விதி இது. நல்லுபதேசத்துக்காகவோ, மக்களிடம் பிரபலமாக இருப்பதற்காகவோ இந்த விருது கொடுக்கப்படுவதில்லை என்று விதிமுறையே சொல்கிறது.

நடுவர்கள் பார்ப்பது வேறு. ஓவிய நுட்பம் எப்படி இருக்கிறது? படங்கள் கதையைச் சரியாக உள்வாங்கியிருக்கின்றனவா? அந்தக் கதைக்கு அந்தப் பாணி பொருந்துகிறதா? கதாபாத்திரம், இடம், மனநிலை எல்லாம் படத்திலேயே தெரிகிறதா? குழந்தையின் அறிவை மதித்துச் செய்யப்பட்டிருக்கிறதா?

1963இல் வென்ற எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே' இதற்கு நல்ல உதாரணம். பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனி பெய்த நாளில் வெளியே போய் விளையாடுகிறான், வீட்டுக்கு வருகிறான். அவ்வளவுதான் கதை. அவன் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால், கறுப்பினப் பிள்ளைகளைப் படப் புத்தகங்களில் பார்ப்பதே அரிதாக இருந்த காலத்தில், அவனை நடுப்பக்கத்தில் நிறுத்திய புத்தகம் அது.

பரிசுப் பணம் எவ்வளவு?

பணமே இல்லை. வெண்கலப் பதக்கம் மட்டும்தான். ஆனாலும் அதன் மதிப்பு பெரிது. விருது அறிவிக்கப்பட்டதும் நூலகங்களும் பள்ளிகளும் வாங்கத் தொடங்கும். புத்தகம் பல்லாண்டு அச்சில் இருக்கும். 60 ஆண்டுகளுக்கு முன் வென்ற பீட்டரின் கதையை இன்றும் நீங்கள் கடையில் வாங்க முடிவது அதனால்தான்.

பினாங்கு ஓவியர் ஒருவர் வெல்ல முடியுமா?

இங்கே இருந்துகொண்டு முடியாது. ஓவியர் அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும், புத்தகம் அங்கே ஆங்கிலத்தில் வெளிவர வேண்டும். ஆகவே, தங்க முத்திரை 'உலகின் சிறந்த புத்தகம்' என்று சொல்வதில்லை. 'அமெரிக்காவில் அந்த ஆண்டின் சிறந்த படங்கள்' என்றுதான் சொல்கிறது.

மற்ற நாட்டவருக்கும் வழி உண்டு. இத்தாலியின் பொலோன்யா நகரில் நடக்கும் சிறுவர் புத்தகக் கண்காட்சியின் 'பொலோன்யா ரகாத்ஸி' விருதுக்கு எந்த நாட்டுப் பதிப்பகமும் போட்டியிடலாம். 2008இல் சென்னையின் தாரா பதிப்பகம் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' அதில் ஒரு பிரிவில் வென்றது. மத்தியப் பிரதேசத்தின் கோண்ட் பழங்குடி ஓவியர்கள் மூவர் வரைந்த மரங்களை, கையால் செய்த கறுப்புத் தாளில் கையாலேயே அச்சிட்ட புத்தகம் அது.

சுவீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருதும் எல்லா நாட்டவருக்கும் திறந்தது. பரிசு 50 லட்சம் சுவீடன் குரோனா. 2011இல் அதை வென்ற ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டானின் அப்பா, மலேசியாவில் இருந்து அங்கே குடியேறியவர். மகனின் 'தி அரைவல்' ஒரு சொல்கூட இல்லாத புத்தகம். பெட்டியோடு கப்பலேறி, மொழி தெரியாத ஊரில் இறங்கும் ஒருவனின் கதை. பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கிய கொள்ளுத்தாத்தாவின் கதை உங்கள் வீட்டிலும் இருந்தால், அதற்கு விளக்கம் தேவைப்படாது.

தமிழில் என்ன நிலை?

தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தில் அதிகம் பேசப்படும் ஆண்டு விருது, இந்தியாவின் சாகித்ய அகாடமி வழங்கும் பால சாகித்ய புரஸ்கார். 2010இல் தொடங்கியது. தமிழ் உட்பட 24 மொழிகளுக்கு உண்டு. பரிசு 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2024இல் யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' ஆகியவை வென்றன. யூமா வாசுகி ஓவியரும்கூட. ஆனால், அவருக்கு அது கிடைத்தது கதைகளுக்காக.

இந்த விருது எழுத்தாளருக்கானது. வென்றவை பெரும்பாலும் தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கான கதை, நாவல், பாடல் நூல்கள். அதில் தவறில்லை. ஆனால், இன்னும் படிக்கத் தெரியாத மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் தமிழ்ப் புத்தகம் இந்த வெளிச்சத்துக்கு வெளியேதான் நிற்கிறது. வண்ண அச்சுக்குச் செலவு அதிகம், தமிழில் விற்கும் பிரதிகளோ குறைவு. நல்ல ஓவியர் ஒரு புத்தகத்துக்கு ஆறு மாதம் ஒதுக்க வேண்டுமென்றால், அந்த உழைப்பை யாராவது கவனிக்கிறார்கள் என்ற நம்பிக்கையாவது வேண்டும்.

பினாங்கில் 1816இலேயே, ஃப்ரீ ஸ்கூலில், தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. இரு நூறு ஆண்டு கடந்த பின்னும், நம் பிள்ளை முதலில் கையில் எடுக்கும் அழகான புத்தகம் பெரும்பாலும் வேறு மொழியில்தான் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். எழுத்தைக் கையால் மறைத்துவிட்டு நான்கு பக்கம் புரட்டுங்கள். கதை புரிகிறதா? அடுத்த பக்கம் என்ன என்று பிள்ளை கேட்கிறதா? அப்படியென்றால் அது நல்ல படப் புத்தகம்.

சொல்லில்லாத புத்தகம் கிடைத்தால் பாட்டியிடம் கொடுங்கள். அவருக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை, சிங்கமும் சுண்டெலியும் அவர் வாயில் தமிழ் பேசும். தமிழ்ப் படப் புத்தகம் வாங்கும்போது, வரைந்தவர் பெயர் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிள்ளைக்கு அந்தப் பெயரையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று பதிப்பகத்தைக் கேளுங்கள்.