உங்களுக்குத் தெரியுமா? கரடி வந்தால் எந்தத் துப்பாக்கி!

கடலூர், சிதம்பரம் பக்கம் காட்டுக் கரடி கிடையாது. ஆனால் வெடி என்று வந்துவிட்டால் நம்ம ஊரை அடித்துக்கொள்ள ஆளே இல்லை! பீரங்கியை வெடித்தே ஊர்களை வளைத்துப் போட்ட கதை கடலூரில்தான் நடந்தது!

ஆண்டு 1690. தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது ஆங்கிலேயக் கம்பெனி. எல்லை எதுவரை? சங்கிலி போட்டு அளக்கவில்லை, கல் நடவில்லை. பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை கம்பெனிக்கு! சென்னையிலிருந்து பெரிய பித்தளைப் பீரங்கி வந்தது. சுற்றிலும் சுட்டார்கள். குண்டுக்குள் அடங்கிய அத்தனை ஊரும் கைமாறியது!

அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். குண்டு உப்பலவாடி இன்னும் இருக்கிறது. குண்டு சாலையில் இன்றும் பஸ் ஓடுகிறது!

அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவர் யார் தெரியுமா? எலிஹு யேல்! அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரில்தான் இருக்கிறது!

சரி, கரடிக்கு வருவோம். மலையேறப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி, கரடி எதிரே வந்தால் எந்தத் துப்பாக்கி? தோண்டத் தோண்ட வந்து விழுந்ததெல்லாம் ஆச்சரியம்!

1953, கனடாவின் ஆல்பர்ட்டா. பெல்லா ட்வின் என்ற பழங்குடிப் பெண்மணி காட்டுப் பாதையில் நடந்து போகிறார். எதிரே கிரிஸ்லி கரடி! கையில் இருந்தது முயல் சுடுகிற பாயிண்ட் 22. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா! கரடி விழுந்தது. அன்றைக்கு அது உலக சாதனை கிரிஸ்லி! பாட்டிக்கு வயது 63!

இதைப் படித்துவிட்டு நீங்களும் பாயிண்ட் 22-ஐத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்! பாட்டி ஒருத்திதான்.

1983-இல் அமெரிக்க வனத்துறை ஒரு சோதனை நடத்தியது. கரடி நெருங்கி வந்தால் எந்தத் தோட்டா நிறுத்தும்? 15 கஜத்திலிருந்து விதவிதமாகச் சுட்டுப் பார்த்தார்கள். முதலிடம் பாயிண்ட் 458 மேக்னத்துக்கு! அது ஆப்பிரிக்காவில் யானையைச் சுடுவதற்கென்று பிறந்த தோட்டா!

கிரிஸ்லி ஓடுகிற வேகம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு வினாடிக்கு 14 மீட்டர்! உசைன் போல்ட் உயிரைக் கொடுத்து ஓடினாலும் பிடித்துவிடும்!

கிரீன்லாந்தில் நாய் வண்டியில் ரோந்து போகிற டென்மார்க் வீரர்கள் பனிக்கரடிக்காக எதைச் சுமக்கிறார்கள்? 1917-ஆம் ஆண்டு மாடல் ரைஃபிள்! முதல் உலகப்போர்ச் சரக்கு! உறைபனியில் புதுசு மக்கர் பண்ணும், இந்தப் பழசு பண்ணாது!

கனடாவின் வடகோடியில் ரேஞ்சர்கள் 1947 முதல் எழுபது வருஷம் பனிக்கரடிக்கு நம்பியது லீ என்ஃபீல்டு 303! நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷனில் சாத்தி வைத்திருந்தார்களே, அதேதான்!

நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில் ஊர் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்ட ஏதாவது கையில் இருந்தே ஆக வேண்டும். அது சட்டம்! அங்கே காலேஜில் சேர்ந்தால் முதல் வாரம் என்ன பாடம் தெரியுமா? துப்பாக்கி சுடுவது! கடை வாசலில் "துப்பாக்கியோடு உள்ளே வராதீர்கள்" என்று போர்டு!

கனடாவின் சர்ச்சில் நகரத்தில் காரைப் பூட்ட மாட்டார்கள். பனிக்கரடி துரத்தினால் யார் வேண்டுமானாலும் ஏறி ஒளிந்துகொள்ளட்டும் என்று! அந்த ஊரில் கரடிக்கென்றே ஒரு ஜெயில் வேறு!

அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் துப்பாக்கி எடுத்துப் போகலாம். ஆனால் சுடக் கூடாது! இந்தச் சட்டத்தை எழுதியவருக்கு ஒரு சலாம்!

இனிதான் உச்சம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

அலாஸ்காவில் ஆராய்ச்சியாளர்கள் 1883 முதல் 2009 வரை துப்பாக்கியும் கரடியும் மோதிய 269 சம்பவங்களை அலசினார்கள். கரடியைத் தடுத்ததில் கைத்துப்பாக்கிக்கு 84 மார்க். நீளத் துப்பாக்கிக்கு 76 தான்! பெரிசு தோற்றுப்போனது!

இன்னும் கேளுங்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம் பட்ட விகிதம் ஒன்றேதான்! சுட்டாலும் அதே கடி, சுடாவிட்டாலும் அதே கடி!

அப்படியானால் ஜெயித்தது எது? மிளகாய்! ஆமாம், நம்ம வீட்டு மிளகாய்! அதன் காரச்சத்தை டப்பாவில் அடைத்தால் கரடி ஸ்ப்ரே. சேஃப்டி கிளிப்பைக் கழற்றி, கட்டைவிரலால் ஓர் அழுத்து. செம்மஞ்சள் மேகம் மாதிரி ஏழெட்டு மீட்டர் சீறிப் போகும். 1985 முதல் 2006 வரை 83 சம்பவங்கள். பழுப்புக் கரடியைத் தடுத்தது 92 சதவீதம்! ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் கீறல் கூட இல்லாமல் தப்பியவர்கள் 98 சதவீதம்!

இதை அமெரிக்க அரசு எந்தக் கணக்கில் பதிவு செய்கிறது? பூச்சிமருந்து! முந்நூறு கிலோ கரடி, கொசு, கரப்பான் எல்லாம் ஒரே பட்டியலில்!

காற்று எதிரே வீசினால்? மிளகாய் உங்கள் கண்ணுக்கு! அந்த நேரத்தில் காற்றுத் திசை பார்க்கிற நிதானம் யாருக்கு வருமோ!

நம்ம நாட்டுக் கரடி லேசுப்பட்டதா? மேல்வரிசையில் நடு இரண்டு பல் கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கறையானை உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற சத்தம் நூறு மீட்டர் தள்ளியும் கேட்கும்! மண் ஏறாமல் மூக்கை வேறு மூடிக்கொள்ளும்!

1791-இல் இதைப் பார்த்த ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா கரடி என்றே நம்பவில்லை. தென் அமெரிக்காவில் மரத்தில் தலைகீழாகத் தொங்குமே தேவாங்கு போல ஒரு சோம்பேறிப் பிராணி, அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்!

கோபம்? கேட்கவே வேண்டாம்! மத்தியப் பிரதேசத்தில் 1989 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரை இந்தக் கரடியிடம் மாட்டியவர்கள் 735 பேர். ஐந்தே வருஷம்! இறந்தவர்கள் 48 பேர்!

தீனியில் மூழ்கிவிட்டால் நீங்கள் வருவதே அதற்குத் தெரியாது. திடீரென்று பார்த்தால்தான் பாய்ச்சல்! அதனால்தான் மலைக்காரர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். செலவு பூஜ்யம்!

கோத்தகிரிப் பக்கம் கரடிகளுக்குக் கோயில் என்றால் உயிர். பக்தி இல்லை, விளக்கு எண்ணெய்! கதவை உடைத்து உள்ளே போய் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகின்றன!

தென்காசி மாவட்டம் கடையம் பக்கம், 2022 நவம்பர். ஒரே கரடி மூன்று பேரைக் குதறியது. அதை மடக்கியது எந்தத் துப்பாக்கி? மயக்க ஊசித் துப்பாக்கி!

அதைக் கண்டுபிடித்தவர் போர்வீரர் இல்லை, வேட்டைக்காரர் இல்லை. நியூஸிலாந்தின் காலின் முர்டாக், மருந்துக் கடைக்காரர்! ஒரு தடவை போட்டுத் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் ஊசியும் அவர் மூளையில் உதித்ததே!

கென்னத் ஆண்டர்சனைத் தெரியும்தானே? பெங்களூர்க்காரர். தர்மபுரி, சேலம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் துரத்தியவர். கர்நாடகத்தின் அர்சிகெரே பக்கம் பல உயிர்களைக் குடித்த ஒரு கரடியைச் சுட்டதும் அவரே! கையில் வின்செஸ்டர் பாயிண்ட் 405.

அதே 405-ஐ ஆப்பிரிக்கச் சிங்கங்களுக்கு எடுத்துப் போன இன்னொருவர் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்! 1902-இல் மரத்தில் கட்டி வைத்த கரடியைச் சுட மாட்டேன் என்று மறுத்தாரே, அவர்தான். பிறந்தது டெடி பியர்! சுட்ட கரடிகளை யாருக்கு ஞாபகம் இருக்கிறது, சுடாத ஒன்று உலகம் பூராவும் குழந்தைகளோடு தூங்குகிறது!

நம்ம நாட்டுத் துப்பாக்கி எப்படி? குழாய் வாயில் கருமருந்து கொட்டணும், நார் திணிக்கணும், ரவை போடணும், மறுபடி நார், கம்பியால் இடிக்கணும். அதன்பிறகு ஒரே ஒரு வெடி! அடுத்த வெடி வரைக்கும் பொறுத்திருக்கக் கரடியிடம் கெஞ்சணும்!

பெண்களுக்கென்று 2014-இல் கான்பூர் ஆலை வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வர் எடை அரைக் கிலோ. பாயிண்ட் 32. அன்றைக்கு விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல்! கைப்பைக்கு அழகு. கரடிக்கு? என்னைக் கேட்டால், கொசுக்கடி!

லைசென்ஸ் வாங்கினாலும் 303 ரைஃபிளும் 9 எம்.எம். பிஸ்டலும் சாமானியர் கைக்கு வராது. தடை! 12 போர், பாயிண்ட் 315 என்று கொஞ்சம்தான் பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டே துப்பாக்கி! தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்!

சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய யார் அனுமதி வேண்டும்? மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர்! அதுவும் எழுத்து மூலமாக! சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வீடா? உங்கள் துப்பாக்கியை அவரிடமும் பதிவு செய்யணும்!

நம்ம பக்கத்து நிஜமான ஆபத்து வேறு. சிதம்பரத்தைச் சுற்றிப் பழைய கொள்ளிடத்தில் முதலைகள்! மழைக்காலத்தில் வாய்க்கால் வழியாக ஊருக்குள்ளேயே வந்துவிடும். வனத்துறை எந்தத் துப்பாக்கியைத் தூக்குகிறது? கயிறு! வாயைக் கட்டி, நாலு பேர் தோள்கொடுத்து வண்டியில் ஏற்றி, வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரு தோட்டா செலவில்லை!

மறுபடி கரடிக்கே வருவோம். தெருவில் கரடி ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? இந்தியாவில் மீட்கப்பட்ட ஆட்டக் கரடிகள் 600-க்கும் மேல்! கடைசிக் கரடிக்கு 2009-இல் மூக்கணாங்கயிறு அவிழ்ந்தது!

உயிருக்கு ஆபத்து, வேறு வழியே இல்லை, கரடியைக் கொன்றுவிட்டீர்கள். குற்றமா? இல்லை! 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 11-ஆவது பிரிவு உங்களை விட்டுவிடும். ஆனால் திருட்டு வேட்டைக்குப் போன இடத்தில் கரடி பாய்ந்தது என்றால் இந்தச் சலுகை செல்லாது. வேட்டைக்கு ஏழு வருஷம் வரை ஜெயில்!

அதே பிரிவில் இன்னொரு வரி. தற்காப்புக்குக் கொன்ற கரடி அரசாங்கச் சொத்து! குழந்தைக்குத் தாயத்து கட்ட நாலு முடி பிடுங்கினாலும் அது சர்க்கார் முடி!