கீல் தாங்கும் பாரம்

நம் ஊர்ப்புறங்களில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் தலைவாயிற் கதவுகளைக் கூர்ந்து நோக்கியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். அவற்றுள் பலவற்றுக்குக் கீல் கிடையாது. கதவுப் பலகையின் மேலும் கீழும் முளைபோல நீண்டிருக்கும் குடுமி, நிலையின் குழிக்குள் நின்று சுழலும். பாட்டன் காலத்தில் பூட்டிய கதவைப் பேரன் இன்றும் ஒரு கையால் தள்ளித் திறக்கிறான். அதே வீட்டில் நேற்று வந்த அலமாரியின் கதவோ தொங்கிப்போய், தூக்கிப் பிடித்தாலன்றி அடைபடுவதில்லை. இந்த வேறுபாடு எதனால் வந்தது? குறை பெரும்பாலும் மரத்தில் இல்லை. மரமும் மரமும் கூடுமிடத்தில் இருக்கிறது.

எம்.ரெட்டியபட்டியைச் சூழ்ந்த வானம் பார்த்த பூமியில் வாழும் குடும்பங்களுக்கு இன்று இச்செய்தி பயன்படும் என்று கருதுகிறேன். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது வீடே வகுப்பறையாயிற்று. கணினி வந்த அளவுக்கு அதை வைப்பதற்கான இடம் வீடுகளில் வரவில்லை. கட்டிலிலும் தரையிலும் அதை வைத்து, முதுகை வளைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகளை எத்தனையோ இல்லங்களில் காண்கிறோம். தோட்டத்து வேம்போ பூவரசோ சாய்ந்தால், அந்தப் பலகையைக் கொண்டு வீட்டிலேயே ஒரு மேசை செய்துகொள்ளலாம். செலவும் மிச்சம், உழைப்பின் மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் கீலையும் மற்ற இரும்புச் சாமான்களையும் பொருத்துவதில் கவனம் வேண்டும். இதை நான் சொந்த இழப்பினால் கற்றேன்.

ஓர் இரவின் பாடம்

எங்கள் வீடு சிறியது. ஆகவே வேப்பம்பலகையால் பெட்டி போன்ற ஒரு மேசை செய்தேன். அதன் முன்பலகையைக் கீழே மடக்கினால் எழுதும் தட்டாகும். மேலே நிமிர்த்தினால் உள்ளிருக்கும் கணினிக்குக் கதவாகும். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. ஆறு மாதம் சென்றது. தேர்வுக்கு முந்தின இரவு என் மகள் அதில் முழங்கையை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, பலகை கீலோடு பெயர்ந்து கணினியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இறைவன் அருளால் அவளுக்குக் காயமில்லை. கணினியின் திரை மட்டும் உடைந்தது. அவள் அழுதது கணினிக்காக அன்று; அதனுள் இருந்த ஓராண்டுக் குறிப்புகளுக்காக.

மறுநாள் ஊர்த் தச்சர் ஒருவர் வந்து பார்த்தார். பெயர்ந்த துளைக்குள் விரலை விட்டுத் தடவிவிட்டுச் சொன்னார்: “மரத்து மேல குத்தமில்ல அண்ணாச்சி. திருக வேண்டியத அடிச்சிருக்கீக.”

உண்மைதான். பொழுது சாய்கிறதே என்ற அவசரத்தில் திருகாணிகளைச் சுத்தியலால் பாதிவரை அடித்து, மீதியை மட்டும் திருகினேன். அடித்த ஆணி மரத்தின் நாரைக் கிழித்துக்கொண்டு இறங்கும். அதன் மரைகள் பற்றிக்கொள்வதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது. இரண்டாவது பிழை, தட்டைத் தாங்கச் சங்கிலி போடாமல் முழுப் பாரத்தையும் கீலின்மேல் விட்டது.

பாரத்தின் கணக்கு

கீல் என்பது எளிய பொருள். இரண்டு இதழ்கள், அவற்றின் ஓரத்தில் மாறி மாறி அமைந்த கணுக்கள், அக்கணுக்களை ஊடுருவும் ஓர் ஊசி. அவ்வளவே. ஆயினும் அது தாங்கும் பாரம் எளியதன்று.

40 செ.மீ. அகலமும் 4 கிலோ எடையும் உள்ள ஒரு கதவை எண்ணிப் பாருங்கள். அதன் எடை, கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளி, கதவின் நடுவே நின்று இழுக்கிறது. மேற்கீலுக்கும் கீழ்க்கீலுக்கும் இடையே 40 செ.மீ. இருந்தால், மேற்கீலை வெளியே பிடுங்கும் விசை 2 கிலோ. கீழ்க்கீலை அதே விசை உள்ளே அழுத்தும். இரண்டு கீல்களையும் நெருக்கி 20 செ.மீ. இடைவெளியில் வைத்தால், அவ்விசை 4 கிலோவாகிவிடும். ஆகவே கீல்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு நலம். மேலும் கீழும் ஒரு கீலின் நீளம் அளவுக்கு இடம் விட்டுப் பொருத்துவது சிறு கதவுகளுக்கு நல்ல முறை. கதவு தொங்கினால் முதலில் மேற்கீலைச் சோதிக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

மடக்குத் தட்டின் கணக்கு இதனினும் கடுமையானது. என் மேசையின் தட்டு 2 செ.மீ. கனமும் 40 செ.மீ. அகலமும் உடையது, கீல் அதன் மேல்முகத்தில் இருந்தது. தட்டின் முன்விளிம்பில் 10 கிலோ பாரம் அழுத்தினால், தாங்கும் சங்கிலி இல்லாதபோது, நெம்புகோல் விதிப்படி அது கீலில் 20 மடங்காகி 200 கிலோ இழுப்பாக மாறுகிறது. ஒரு சிறுமியின் முழங்கைகள் அந்தப் பாரத்தை அறியாமலே கொடுத்துவிடும். இத்தகைய தட்டுக்கு இருபுறமும் சங்கிலியோ மடக்குத் தாங்கியோ இன்றியமையாதது. தனித்தனிக் கீல்களுக்குப் பதிலாகத் தட்டின் முழு நீளத்துக்கும் ஓடும் ‘பியானோ’ கீலைப் பூட்டினால், பாரம் பல திருகாணிகளுக்குப் பகிர்ந்துபோகும்.

பொருத்தும் முறை

முதலாவது, மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் சித்திரை, வைகாசி வெயிலில் பலகை சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்து விரியும். இவ்விரிவு பெரும்பாலும் பலகையின் அகலவாக்கில் நிகழ்வது. நீளவாக்கில் மிகச் சொற்பம். கோடையில் இடைவெளியின்றிப் பொருத்திய கதவு அடைமழையில் இறுகிக்கொள்ளும். கதவைச் சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளி விடுவது அறிவுடைமை. நம் காடுகளை நிறைத்துக்கொண்டு விறகுக்கும் கரிக்கும் மட்டுமே வெட்டப்படும் சீமைக் கருவேலம், ஈரத்தால் சுருங்கி விரிவது மிகக் குறைந்த மரம் என்பதைப் பலர் அறியார். அது கோணலாக வளர்வதால் நீண்ட பலகை கிடைப்பதரிது. எனினும் கைப்பிடிக்கும் சிறு சட்டங்களுக்கும் நன்கு பயன்படும்.

இரண்டாவது, இதழ் பதியும் பள்ளம். கீலை இடத்தில் வைத்து, கூரிய கத்தியால் சுற்றிலும் கோடு கீறி, உளியால் இதழின் கனத்துக்குச் சரியாகச் செதுக்க வேண்டும். பள்ளம் ஆழமானால் கதவு முழுதும் அடைபடுமுன்பே கீல்பக்கம் நெருக்கி எதிர்க்கும். அப்போது வலிந்து அடைத்தால் திருகாணி பெயரும். பள்ளம் ஆழங்குறைந்தால் கீல்பக்கம் சந்து தெரியும். ஆழம் மிகுந்துவிட்டால் அஞ்ச வேண்டாம். இதழுக்கு அடியில் அட்டைத்துண்டு ஒன்றை வைத்துச் சரிசெய்யலாம்.

மூன்றாவது, துளை. திருகாணியின் மரை நீங்கலான நடுத்தண்டின் பருமனுக்குத் துரப்பணத்தால் முன்னதாகத் துளையிட வேண்டும். துளை இதழின் ஓட்டைக்கு நேர் நடுவில் அமைய வேண்டும். சற்று விலகினாலும் திருகாணி இறுகும்போது கீலையே இழுத்து நகர்த்திவிடும். திருகாணியின் நீளம் பலகையின் கனத்தைவிடச் சற்றுக் குறைந்திருக்கட்டும். மரையில் சிறிது மெழுகு தடவினால் கடின மரத்திலும் எளிதாக இறங்கும். பித்தளைத் திருகாணி மென்மையானது, முறிந்துவிடக் கூடும். ஆகையால் அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை முதலில் திருகிக் கழற்றி வழி செய்துகொண்டு, பிறகு பித்தளையைப் பூட்டுவது தச்சர் வழக்கம்.

நான்காவது, பொறுமை. ஒவ்வோர் இதழுக்கும் முதலில் ஒரே ஒரு திருகாணி மட்டும் போட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். சரியாக இருந்தால் மற்றவற்றைப் போடுங்கள். எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பிழையைக் கண்டால், கழற்றிய துளைகள் ஒன்றுக்கும் உதவா. எனக்கு நேர்ந்ததுபோலத் துளை கெட்டுப்போயிருந்தால், மூங்கிற்சிம்பைப் பசையில் தோய்த்து இறுக அடித்து, காய்ந்தபின் மேற்பரப்பைச் சமன்செய்து, புதிதாகத் துளையிடலாம். என் மேசையைத் தச்சர் அவ்வாறுதான் மீட்டார்.

கடையில் விற்கும் மரத்தூள் அட்டைப்பலகையைப் பயன்படுத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை: அதன் விளிம்பில் திருகாணி நிலைக்காது. அதற்கென உள்ள கிண்ணக் கீலே ஏற்றது. கதவின் உட்புறத்தில் 35 மி.மீ. விட்டமுள்ள குழி தோண்டிக் கிண்ணத்தைப் பதிக்க வேண்டும். பொருத்திய பின்னும் கதவை மேல்கீழாகவும், பக்கவாட்டிலும், முன்பின்னாகவும் சிறிது நகர்த்திச் சரிசெய்துகொள்ளும் வசதி இவ்வகையில் பலவற்றுக்கு உண்டு.

துருவும் பூட்டும்

கருவேல மரத்தில் துவர்ப்புப் பொருள் மிகுதி. அதன் பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தியதும் இதனாலேயே. இத்தகைய மரத்தில் சாதாரண இரும்பு ஆணி ஈரத்தோடு சேர்ந்தால், எழுதும் மை போன்ற கருநீலக் கறை படரும். துருப்பிடிக்காத எஃகோ பித்தளையோ போட்டால் இக்கறை வராது. முதலில் சிறிது செலவு கூடும். பின்னர் வருந்த நேராது.

மேசையின் உயரம் 75 செ.மீ. அளவு இருக்கலாம். கால் எட்டாத சிறுவர்க்குக் கீழே ஒரு மிதிகட்டை வேண்டும். கணினிப்பெட்டி வைக்கும் அறைக்குப் பின்புறம் அடைப்பு வேண்டாம். அது வெளிவிடும் வெப்பம் வெளியேற வழி வேண்டும். நம் கரிசல் மண்ணின் புழுதியைத் தடுக்க முன்கதவு போதும். கதவு தானே திறவாதிருக்கச் சிறு காந்தக் கொண்டி ஒன்று பூட்டலாம். பூட்டு வேண்டுமென்றால் அண்டையிலேயே திண்டுக்கல் இருக்கிறது. அவ்வூர்ப் பூட்டு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

ஆனால் பூட்டைப் பற்றி ஒரு சொல். பிள்ளைகள் கணினியில் எதைக் காண்கிறார்களோ என்ற அச்சம் இன்று பெற்றோர் அனைவர்க்கும் உண்டு. பூட்டிவைப்பதால் மட்டும் அவ்வச்சம் தீராது. மேசையை உள்ளறையில் வைக்காமல், எல்லாரும் நடமாடும் கூடத்தில் வையுங்கள். மாலையில் குடும்பச் செபமாலைக்கு மணி ஆனதும் கதவை அடைப்பது வீட்டு வழக்கமாகட்டும். எங்கள் வீட்டில் தந்தையாகிய நானும் அந்நேரத்தில் என் கைப்பேசியை அதனுள் வைத்துவிட வேண்டும் என்பது மகள் விதித்த நிபந்தனை. நீதியான நிபந்தனையே! முதல் சில நாட்கள் அதை ஏற்க எனக்குத்தான் கடினமாக இருந்தது.

திருச்சபையின் வழக்கில் கீலுக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. இலத்தீனில் கீலைக் ‘கார்தோ’ என்பர். ‘கர்தினால்’ என்னும் பெயர் அதிலிருந்தே பிறந்தது. விவேகம், நீதி, திடம், மட்டுத்திட்டம் ஆகிய நான்கு தலையான புண்ணியங்களும் அச்சொல்லாலேயே வழங்கப்படுகின்றன. மற்ற நற்பண்புகள் யாவும் அவற்றைப் பற்றிக்கொண்டு சுழல்வதால் அப்பெயர். பார்வைக்குப் படாத சிறு பொருளே பெரும்பாரத்தைச் சுமக்கிறது என்பதை முன்னோர் கண்டிருந்தனர். நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாமல், திருக்குடும்பத்தின் பாரத்தைத் தன் கைத்தொழிலால் சுமந்த புனித சூசையப்பரை இங்கே நினையாதிருக்க இயலுமோ? 1955-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான அவருக்குரிய திருநாளாக ஏற்படுத்தினார்.

தச்சர் செப்பனிட்டுத் தந்த அம்மேசை இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. இம்முறை திருகாணிகளை அவர் சொற்படி நானே திருகினேன். இருபுறமும் சங்கிலியும் பூட்டினேன். மகள் தன் குறிப்புகளைத் தோழியரிடம் வாங்கி மீண்டும் எழுதித் தேர்வில் வென்றாள். மாலையில் மணி அடிக்கும்போது, அவள் ஒரு விரலால் தள்ள, அக்கதவு ஓசையின்றி அடைபடுகிறது.