இரண்டாவது அடி வெளியே தெரியாது

திண்டுக்கல் பக்கத்து நத்தத்தில் ஒரு பூனையின் தலைக்கு ஆபத்து பெரும்பாலும் தெருநாய், பைக், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இந்த மூன்றில்தான் வருகிறது. மதுரைச் சாலை நான்கு வழியாகி, 2023 ஏப்ரலில் மதுரை முனையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பறக்கும் பாலமும் திறந்தாயிற்று. நமக்குப் பயணம் சுகம். குறுக்கே ஓடும் பூனைக்கு அப்படியில்லை.

நாய்க்குப் பயந்து பாய்ந்த பூனை வண்டியில் மோதிச் சுருண்டு விழும். சில நொடியில் எழுந்து தலையை உதறிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிடும். "நடந்துதானே போச்சு, ஒண்ணும் ஆகலை" என்று வீட்டில் மூச்சுவிடுவார்கள். அதற்குள் அப்படி முடிவுகட்டிவிடக் கூடாது.

பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்ற நம்பிக்கை நமக்கு வலுவாக இருக்கிறது. பாதி உண்மைதான். 1894இல் பிரான்சின் எத்தியென் ழூல் மாரே, விழும் பூனையை அடுக்கடுக்காகப் படமெடுத்துக் காட்டியபோது அறிவியலாளர்களே திகைத்தார்கள். பிடிமானம் எதுவும் இல்லாமல் அந்தரத்தில் உடலைத் திருப்புவது எப்படி? பூனை முதுகை வளைத்து, முன்னுடலையும் பின்னுடலையும் தனித்தனியாகச் சுழற்றுகிறது. முன்கால்களை ஒடுக்கிப் பின்கால்களை நீட்டும்போது முன்பாதி அதிகம் திரும்புகிறது, பின்பாதி கொஞ்சம்தான் எதிர்த்திசையில் நகர்கிறது. பிறகு இதையே மாற்றிச் செய்கிறது. ஆனால் கால் தரையைத் தொட்டதும் விழுந்த வேகம் தீர்ந்துவிடுவதில்லை. கால்கள் மடங்க, மோவாய் தரையில் போய் மோதுகிறது. மாடியிலிருந்து விழுந்த பூனைகளுக்குத் தாடை பிளப்பதும், மேலண்ணம் கிழிவதும், மூக்கில் ரத்தம் வருவதும் இதனால்தான். நியூயார்க்கில் உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன. விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவர மாட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

மோவாயில் விழுந்த அடி மூளையை என்ன செய்கிறது? புளி விளையும் நத்தத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஓட்டுக்குள் ஒட்டாமல் கிடக்கும் புளியம்பழம் போல, மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிறது மூளை. ஓடு சட்டென்று நின்றாலும் உள்ளிருப்பது நிற்காது. அலைந்து, முறுகி, நரம்பிழைகள் இழுபடுகின்றன. எலும்பு உடையாமல், ரத்தம் கசியாமல், கொஞ்ச நேரம் மூளை தடுமாறிப்போவதைத்தான் கன்கஷன், மூளை அதிர்ச்சி என்கிறோம். ஸ்கேனில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம்.

இது முதல் அடி. இதை எந்த மருத்துவராலும் திருப்பி எடுக்க முடியாது. இரண்டாவது அடி அடுத்த சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள் வரை மெல்ல விழுகிறது. இழுபட்ட செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. நிலைமையைச் சரிசெய்யச் செல்லுக்குக் கூடுதல் சக்தி தேவைப்படும் அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. மூளை வீங்கத் தொடங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காதே! அழுத்தம் ஏறி, வருகிற ரத்தத்தையும் நெரிக்கிறது. மருத்துவத்தால் தடுக்க முடிந்தது இந்த இரண்டாவது அடியைத்தான்.

தலை வலிக்கிறது என்று பூனை சொல்லாது. வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம் வேறு. ஆகவே கண்ணைப் பாருங்கள். ஒரு கண்பாப்பா பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கிறதா? இரண்டும் ஊசிமுனையாய்ச் சுருங்கியிருக்கிறதா? டார்ச் அடித்தாலும் அசையாமல் விரிந்தே கிடக்கிறதா? விழிகள் பக்கவாட்டில் துடிக்கின்றனவா? தலை ஒருபக்கம் சாய்வது, ஒரே திசையில் வட்டமடிப்பது, வாந்தி, வலிப்பு, கூப்பிட்டால் திரும்பாத மந்தம் எல்லாமே அவசர அறிகுறிகள். 1974இல் கிளாஸ்கோவின் டீஸ்டேலும் ஜென்னட்டும் மனிதர்களுக்காக வகுத்த மயக்க அளவுகோலைக் கால்நடை மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அசைவு, கண் முதலான அனிச்சைச் செயல்கள், நினைவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு மதிப்பெண், மொத்தம் 18. ஒருமுறை போட்ட மதிப்பெண்ணைவிட, அது நேரத்துக்கு நேரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். அடிபட்டுப் பயந்த பூனையின் இதயம் படபடவென்று அடிக்க வேண்டும். மாறாக மெதுவாக அடித்தால், மூளைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று மருத்துவர் உஷாராகிவிடுவார்.

தூக்கும் விதத்தில்தான் பலரும் தவறுகிறோம். பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினால் கழுத்து ரத்தக்குழாய் நெரிந்து, தலையிலிருந்து ரத்தம் இறங்க வழியில்லாமல் போகும். பழைய துண்டைப் போர்த்தி, உடம்பு வளையாமல் அட்டைப்பெட்டிக்குள் நகர்த்துங்கள். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கட்டும். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கூடக் கொடுக்காதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, உயிரே போய்விடும்.

மருத்துவமனையில் முதலில் ஆக்சிஜன், அடுத்து ரத்த அழுத்தம் விழாமல் சலைன், வலிக்கு மருந்து. மூளைக்குள் அழுத்தம் ஏறினால் மானிட்டால் அல்லது உப்புச் செறிவு மிகுந்த சலைன். "ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுங்க டாக்டர்" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். தலையில் அடிபட்ட 10,008 மனிதர்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட கிராஷ் ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு விலங்கு மருத்துவத்திலும் தலைக்காயத்துக்கு அதைத் தவிர்க்கிறார்கள்.

இன்னொன்று. தெருவில் தடுமாறும் பூனைக்குத் தலைக்காயமா வெறிநோயா என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போய்விடுங்கள்.

பெருமூளையில் பட்ட சேதத்தை ஈடுகட்டிக்கொள்ளும் ஆற்றல் பூனைக்கு வியக்கத்தக்க அளவில் உண்டு. முதல் நாள் வட்டமடித்துச் சுவரில் முட்டிக்கொண்ட பூனை, சில வாரங்களில் மதில் ஏறுவதுண்டு. நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ ஒரு மணி நேரப் பயணம்தான். அடிபட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணையும் நடையையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். முதல் நாள் கோலத்தைப் பார்த்துவிட்டுப் பூனையைக் கைவிட்டுவிடாதீர்கள்.