நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு: காட்டுப்பள்ளிப் படகுச் சவாரிக்குப் போகிறவர்களுக்கு

காணும் பொங்கல், கிறிஸ்துமஸ், கோடை விடுமுறை என்று எது வந்தாலும் எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை இதே காட்சிதான். குடும்பத்தோடு வருகிறவர்கள் கரையில் நிற்கும் மீன்பிடி ஃபைபர் படகைப் பேசி, “முகத்துவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு” என்று ஏறிவிடுகிறார்கள். இடுப்பில் குழந்தை, கையில் செல்போன், ஒருவர் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இருக்காது. விபத்து நடந்துவிட்டால் அரசு தரும் நிவாரணத் தொகையை வாங்கிக்கொண்டு, ஒரு காகிதம்கூடக் கையில் இல்லாமல் ஊர் திரும்புகிறார்கள். முதல் தவறு உயிரைப் பறிக்கிறது. இரண்டாவது, மிஞ்சியவர்களின் உரிமையைப் பறிக்கிறது.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே உல்லாசச் சவாரிக்குத் தடை வந்தது. 2014 ஜனவரி 26 அன்று அந்தமானில் சுற்றுலாப் படகு மூழ்கி 21 பேர் போனார்கள், பெரும்பாலோர் காஞ்சிபுரத்துக்காரர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர். அது மீன்பிடிப் படகைப் பயணிகள் படகாக மாற்றி ஓட்டியது. மூன்றிலும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதே பேச்சாக இருந்தது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் சில வாரம் கெடுபிடி நடக்கும், அப்புறம் அதிகாரிகள் மறந்துவிடுவார்கள். அவர்களை நம்பிப் படகில் கால் வைக்காதீர்கள்.

கடலுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே கிடப்பது காட்டுப்பள்ளி. உள்பக்கத் தண்ணீர் அசையாமல் தெரியும்; ஏமாந்துவிடக் கூடாது. ஓதம் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும், எதிரே கடல் அலை வந்து மோதும். மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து எண்ணூர்க் கழிமுகம் பல இடங்களில் ஆழம் குறைந்து சேறாகிவிட்டது. போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதுவே படகைக் கவிழ்க்கப் போதும்.

ஏறும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பயணிகளை ஏற்ற உரிமம் உண்டா? எத்தனை பேருக்கு அனுமதி? காப்பீடு இருக்கிறதா? உள்நாட்டு நீர்நிலைகளில் பயணிகளை ஏற்றும் இயந்திரப் படகுக்குப் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு மூன்றும் தேவை என்கிறது 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம். மீன்வளத்துறைப் பதிவு எண்ணைக் காட்டினால் ஏமாறாதீர்கள். அது மீன் பிடிக்கத்தான், ஆள் ஏற்ற அல்ல. பதில் சரியில்லை என்றால் திரும்பிவிடுங்கள். படகுச் சவாரிதான் ஆசை என்றால் முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது.

லைஃப் ஜாக்கெட்டை உடம்பில் மாட்டி வார் இழுத்துக் கட்ட வேண்டும். பலகைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. குழந்தைக்குக் குழந்தை அளவு ஜாக்கெட் இல்லையென்றால் குழந்தையை ஏற்றாதீர்கள். வாடகையை ஜிபே மூலம் கொடுத்து, படகின் எண்ணைப் படம் எடுத்துக் கரையில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். நாளை வழக்கு என்று வந்தால் முதல் சாட்சி அதுதான்.

படகு கவிழ்ந்தால் 1093 கடலோரக் காவல்துறை, 1554 கடலோரக் காவல்படை, 108 ஆம்புலன்ஸ். எண்ணூர் முகத்துவாரமா, பழவேற்காடு முகத்துவாரமா என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு இடம். பக்கத்துக் குப்பத்து மீனவர்களை உடனே கூப்பிடுங்கள். எந்தத் துறையையும் முந்திக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள்தான்.

உயிர் போயிருந்தால், துக்கத்திலும் இந்தக் காகிதங்களை விடாதீர்கள். முதலில் முதல் தகவல் அறிக்கை. அதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவும் (அலட்சியத்தால் மரணம்), 284ஆம் பிரிவும் (பாதுகாப்பற்ற, அளவுக்கு மீறி ஏற்றிய படகில் கூலிக்கு ஆள் ஏற்றுதல்) இருக்கின்றனவா என்று பாருங்கள். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். “இது எங்கள் எல்லை இல்லை” என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. மறுத்தால் புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்கு, ஆணையரகப் பகுதியானால் துணை ஆணையருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடுத்தது உடற்கூறாய்வு அறிக்கை. பிறகு இறப்புச் சான்று. காட்டுப்பள்ளியில் உயிர் பிரிந்தால் அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம், ஸ்டான்லி மருத்துவமனையில் பிரிந்தால் சென்னை மாநகராட்சியில். 21 நாளுக்குள் பதிவு ஆக வேண்டும். கடைசியாக வாரிசுச் சான்று. இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பம்.

நிவாரணம் வாங்கினால் வழக்குப் போடக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிவாரணம் அரசின் உதவி. இழப்பீடு, தவறு செய்தவன் தர வேண்டிய கடன். பணம் கொடுத்துச் சவாரி போனவர் நுகர்வோர். அவருடைய வாரிசுகள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். விபத்து நடந்த மாவட்டமான திருவள்ளூருக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். படகு வாடகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. வழி தெரியாவிட்டால் 1915க்குப் பேசுங்கள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்காக 1855ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் உரிமையியல் வழக்கும் உண்டு. இலவச வக்கீல் வேண்டுமானால் 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழு.

நுகர்வோர் புகார், உரிமையியல் வழக்கு இரண்டுக்கும் கெடு 2 ஆண்டுதான். மறுபடி சொல்கிறேன், 2 ஆண்டு. “கேஸ் முடியட்டும், பார்க்கலாம்” என்று குற்ற வழக்குக்காகக் காத்திருக்காதீர்கள். அது இழுக்கும், கெடு காத்திருக்காது.

அதிகாரிகளுக்கும் ஒன்று. தடை போட்டதோடு கடமை முடியவில்லை. விடுமுறை நாளில் கரையில் ஆள் நிறுத்துங்கள். பொதுமக்களே, சட்டவிரோதச் சவாரியைக் கண்டால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள், உங்கள் பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள்.