ஈயக் குண்டும் தேன்மெழுகும்

சியால்டாவிலிருந்து ராணாகாட்டை நோக்கிச் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் நாள்தோறும் சென்றுவரும் தமிழ் அன்பர் நம்மிடையே பலர் உளர். டம்டம், பாரக்பூர், இச்சாப்பூர் என்னும் மூன்று நிலையங்கள் அவர்கள் கண்ணில் படாத நாளில்லை. இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நமக்கு அவை கட்டண அட்டவணையில் வரும் மூன்று பெயர்கள். ஆயினும் பழைய படைத்துப்பாக்கிகளின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர்க்கு இம்மூன்று பெயர்களும் அடிக்கடி எதிர்ப்படும். வேறு எந்தப் புறநகர்ப் பாதையிலும் இத்துணை வெடிமருந்து மணம் வீசுமா என்பது ஐயமே!

அமெரிக்க நாட்டில் ஒரு பொழுதுபோக்கு உண்டு. படையினர் பயன்படுத்திக் கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகளை வாங்கி, அடுப்பில் ஈயத்தை உருக்கித் தம் கையாலேயே வார்த்த குண்டுகளைத் தோட்டாவில் பொருத்திக் குறிபார்த்துச் சுடுவது அது. இவ்வன்பர்கள் பெரிதும் விரும்புவன கார்பைன் எனப்படும் குறுந்துப்பாக்கிகள். குதிரைமேல் இருப்பவன் எளிதில் கையாளும்பொருட்டுக் குழலின் நீளத்தைக் குறைத்துச் செய்யப்பட்டவை இவை. 1898-இல் கியூபாப் போருக்குத் தியோடர் ரூஸ்வெல்ட்டுடன் சென்ற தொண்டர் படையினர் ஏந்திய கிராக் கார்பைனின் குழல் 22 அங்குலமே. சுவீடன் நாட்டு 1894-ஆம் ஆண்டு மாதிரியும், உருசிய நாட்டு 1944-ஆம் ஆண்டு மாதிரியும் அவ்வாறே கழிக்கப்பட்டு அங்குச் சந்தைக்கு வந்தவை.

தொழிற்சாலையிலே செம்பு உறையிட்ட குண்டுகள் கிடைக்கும்போது ஈயத்தை உருக்குவானேன் என்று வினவலாம். சிக்கனம் ஒரு காரணம். நூறாண்டு கடந்த குழலுக்கு மென்மையான ஈயமும் குறைந்த வேகமும் இதமானவை என்பது மற்றொன்று. முழு மருந்தோடு குறுந்துப்பாக்கியைச் சுட்டால் அது தோளை இடிக்கும் இடியும், வாயில் கக்கும் தீயும், காதைப் பிளக்கும் ஓசையும் சுடுபவனையே அஞ்சச் செய்யும். ஈயக் குண்டை அளவான மருந்தால் செலுத்தினால் துப்பாக்கி சாதுவாகிவிடும்.

ஈயம் என்றவுடன் நம் இல்லத்தரசியர் இரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைப்பர். அது வெள்ளீயம், உணவுக்குத் தீங்கற்றது. ஈண்டுக் கூறுவது காரீயம், நச்சுடையது. ஈயச் சொம்பு என்று சொல்லிக் காரீயம் கலந்ததை விற்கும் கடைக்காரரும் உண்டாதலின், வாங்குவோர் விழிப்பாயிருத்தல் நலம்.

காரீயம் 327 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும். தனிக் காரீயம் நகத்தால் கீறினாலே தடம்படும் மென்மையுடையது. ஆகவே சிறிது வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்து அதனைக் கடினமாக்குவர். முன்னாளில் செய்தித்தாள் அச்சகங்களில் வரிவரியாக எழுத்து வார்த்த லைனோடைப் உலோகம் இதற்கு மிக ஏற்றது. நூற்றில் 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் என்பது அதன் கலவை. அச்சகங்கள் வேறு முறைக்கு மாறியபின் கழிக்கப்பட்ட அவ்வுலோகம் துப்பாக்கி அன்பர்களின் உலைக்குச் சென்றது. செய்தி பரப்பிய ஈயம் குண்டாகிப் பறந்த விந்தை இது.

குண்டின் பருமனில்தான் முழு நுட்பமும் அடங்கியுள்ளது. துப்பாக்கிக் குழலின் உட்புறம் புரிபுரியாகப் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அப்புரி குண்டைச் சுழற்றுவதாலேயே அது நேராகப் பறக்கிறது. குண்டு குழலைவிடச் சிறுத்திருந்தால் மருந்தின் வெங்காற்று பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை உருக்கிக் குழலெங்கும் அப்பிவிடும். எனவே முதலில் மென்மையான ஈயத்துண்டு ஒன்றைக் குழலினூடே தட்டிச் செலுத்தி வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரால் அதனை அளப்பர். அவ்வளவினும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடுதலாகக் குண்டு இருக்கவேண்டும். போர்க்காலத்தில் விரைந்து செய்த துப்பாக்கிகளில் குழலுக்குக் குழல் அளவு மாறும். .303 லீ-என்பீல்டு இதில் பேர்போனது.

பருமன் சரியானாலும் நெய்ப்பு இன்றி ஈயம் குழலில் ஒட்டாமல் செல்லாது. குண்டின் இடுப்பைச் சுற்றியுள்ள பள்ளங்களில் அந்நெய்ப்பை நிரப்புவர். ஆண்டுகள் பல ஆய்ந்தும் அதற்கு அடிப்படையாக அவர்கள் கொள்வது தேன்மெழுகையே. இங்குதான் நம் இருப்புப்பாதை குறுக்கிடுகிறது.

1857-ஆம் ஆண்டுச் சனவரியில் டம்டத்தில் சிப்பாய்களுக்குப் புதிய என்பீல்டு துப்பாக்கியில் பயிற்சி நடந்தது. அதற்குமுன் அவர்கள் ஏந்தியது உட்புறம் வழவழப்பான குழல்; உருண்டைக் குண்டு தடையின்றி உள்ளே விழும். புதியதோ .577 அங்குல விட்டமும் மூன்று புரிப்பள்ளங்களும் உடையது. காகிதத் தோட்டாவின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழல்வாயில் கொட்டி, குண்டிருக்கும் மறுமுனையைக் காகிதத்தோடு உள்ளே திணிக்கவேண்டும். அம்முனையில் கொழுப்புப் பூசியிருந்தது. மருந்துக் கசடு படிந்த குழலில் நெய்ப்பின்றிக் குண்டு இறங்காது என்பதே காரணம். கொழுப்போடு தேன்மெழுகும் கலந்திருந்தது என்றாலும், கொழுப்பு எந்த விலங்கினுடையது என்பது வரையறுக்கப்படவில்லை. ஆயுதச்சாலைக் கூலியாள் ஒருவன் பார்ப்பனச் சிப்பாயிடம் அவனது சொம்பில் தண்ணீர் கேட்க, அவன் மறுக்க, 'பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகும் உனக்குச் சாதி எங்கே?' என்ற பொருள்படக் கூலியாள் இடித்துரைத்தான் என்பர். செய்தி பாரக்பூருக்குப் பரவியது.

சிப்பாய்கள் கேட்டது யாது? மெழுகும் எண்ணெயும் தந்தால் தாமே பூசிக்கொள்வதாகக் கூறினர். பொறிநுட்ப நோக்கில் பார்ப்பினும் அது பொருத்தமான கோரிக்கையே. அரசும் அம்மாத இறுதியிலேயே அதற்கு இசைந்தது. ஆனால் அதற்குள் நம்பிக்கை அற்றுப்போயிற்று. மார்ச்சு 29-இல் பாரக்பூர் அணிவகுப்புத் திடலில் மங்கள் பாண்டே துப்பாக்கியை உயர்த்தினார். ஏப்பிரல் 8-இல் தூக்கிலிடப்பட்டார். ஏப்பிரல் 24-இல் மீரத்து நகரில் மூன்றாம் குதிரைப்படையைச் சேர்ந்த 90 கார்பைன் வீரருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்கு நீட்டப்பட்டவை புதிய தோட்டாக்களே அல்ல. என்றும் பழகிய பழைய வகையே. என்றாலும் ஒருமுறை எழுந்த ஐயத்தை எவ்வாறு அகற்றுவது? மே 9-இல் அவர்கள் படையினர் முன்னிலையில் விலங்கிடப்பட்டனர். மறுநாள் புரட்சி வெடித்தது.

பின்னர் நிகழ்ந்ததை நாம் வியப்போடு படித்தோம். இந்திய வெயிலில் விலங்குக்கொழுப்பு உருகி வழிந்தது. ஈயத்தை அரித்துக் குண்டின் மேற்பரப்பையும் கெடுத்தது. குண்டுகள் குழலில் சிக்கின. ஆங்கிலப் படையினரே முறையிட்டனர். முடிவில் குண்டின் விட்டத்தைச் சிறிதாக்கி, நெய்ப்புக்குத் தேன்மெழுகையே ஏற்றனர். சிப்பாய் கேட்ட பொருள் அவனைத் தண்டித்த படைக்கே பின்னர் உரியதாயிற்று. 1871-இல் வந்த மார்ட்டினி-ஹென்றி தோட்டாவிலும் தேன்மெழுகு வில்லை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதன் குண்டு 12 பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தது.

மார்ட்டினி குண்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,300 அடி. 1880-களில் புகையற்ற வெடிமருந்து வந்தபின் வேகம் 2,000 அடியை எட்டியது. அவ்வேகத்தில் வெற்று ஈயம் புரியைப் பற்றாது வழுக்கிக் கிழிந்துவிடும். ஆகவே செம்பும் நிக்கலும் கலந்த உறையைக் குண்டின்மேல் போர்த்தினர். பிறகு டம்டம் ஆயுதச்சாலைக் கண்காணிப்பாளராயிருந்த கேப்டன் பெர்ட்டி கிளே அவ்வுறையின் நுனியைத் திறந்துவிட்டு ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடலில் பட்டதும் மலர்ந்து விரிந்து பெரும்புண் விளைக்கும் அக்குண்டுக்கு ஊரின் பெயரே பெயராயிற்று. 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் இத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என அறிவித்தன. இன்றும் ஆங்கில அகராதிகளில் டம்டம் என்பது ஒரு குண்டின் பெயராக நிற்பதைக் காணலாம்.

உறையற்ற ஈயத்துக்கு இன்றைய அன்பர்கள் கண்ட வழி எளியது. குண்டின் அடிப்புறத்தில் செம்பாலான சிறு கிண்ணத்தை மாட்டி வெங்காற்றைத் தடுப்பர். வேகத்தையும் கட்டுக்குள் வைப்பர். ஆயினும் எல்லாக் கார்பைனும் இசைவதில்லை. சுவீடன் கார்பைனின் புரி 20 சென்டிமீட்டருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், சற்றே வேகம் மிகுந்தாலும் ஈயம் தாங்காது, குறி சிதறும். பொறுமையுடையார்க்கே அது அடங்கும்.

ஈயம் உருக்குதல் குழந்தைகள் உள்ள வீட்டுச் சமையலறையில் செய்யும் வேலையன்று. காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் செய்து, முடிந்ததும் கையைக் கழுவவேண்டும். உருகிய ஈயத்துக்குள் ஒரு துளி நீர் புகுந்தாலும் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். கழுகினத்தைக் காக்கும் பொருட்டுக் கலிபோர்னியா மாநிலம் வேட்டையில் ஈயக் குண்டையே 2019 முதல் விலக்கியுள்ளது. நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றிக் குண்டும் தோட்டாவும் செய்தல் குற்றம். ஆகவே இது நமக்குப் படித்து மகிழும் பொருளே.

எஞ்சியிருப்பது இச்சாப்பூர். அங்கு 1904-இல் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை இரு உலகப் போர்களுக்கும் .303 துப்பாக்கிகளைச் செய்து அனுப்பியது. 1962-இல் சீனப் படையெடுப்பு நேர்ந்தபின் அதே பழைய அமைப்பைப் புதிய எஃகால் வலுப்படுத்தி, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றதாக 2ஏ, 2ஏ1 என்னும் மாதிரிகளை உருவாக்கிற்று. அவை கழிக்கப்பட்டபின் பெருந்தொகையாக அமெரிக்காவுக்குச் சென்றன. அங்குள்ள வணிகர் சிலர் அவற்றின் குழலை வெட்டிக் கார்பைன்களாக்கி விற்றனர். அவற்றை வாங்கியவர்களுள் ஈயம் வார்ப்போரும் உண்டு. துப்பாக்கியில் பொறித்துள்ள இச்சாப்பூர் முத்திரையைத் துடைத்து வைத்து, அளந்து வார்த்த குண்டின் பள்ளங்களில் அவர்கள் நிரப்புவதும் அந்தத் தேன்மெழுகுதான்.