காருக்குள் கனத்த நாதம்

வத்தளையிலிருந்து ஹெந்தளைப் பக்கம் செல்லும் வீதியில் மாலை வேளையிலே நடந்து செல்வோர், சில மோட்டார் வாகனங்கள் கண்ணுக்குத் தெரியுமுன்பே அவற்றின் வருகையை நெஞ்சினால் அறிந்துகொள்கிறார்கள். பாட்டின் சொல் கேட்பதில்லை, இராகமும் கேட்பதில்லை. ‘தும், தும்’ என்னும் அதிர்ச்சி ஒன்றே வீட்டு ஜன்னற் கண்ணாடியை நடுங்கச் செய்து அப்பாற் செல்கிறது. உயர்ந்த சுரங்களைக் காரின் கதவும் கண்ணாடியும் பெரும்பாலும் தடுத்துவிட, தாழ்ந்த சுரங்கள் மட்டும் தகட்டை ஊடுருவி வெளிவருவதே இதற்குக் காரணம். ‘சப்வூபர்’ எனப்படும் தாழ்சுர ஒலிபெருக்கியைப் பற்றி நம் குடும்பங்களில் நல்லபிப்பிராயம் இல்லாமற் போனதும் இதனாலேதான். ஆயினும் குற்றம் கருவியின் மேலதன்று. அதைப் பூட்டிய விதத்தின் மேலது என்பதே நம் கருத்து.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வெண்களைக் கேட்க வல்லது. காரின் கதவிலுள்ள சிறு ஸ்பீக்கர்களோ 80 ஹேர்ட்சுக்குக் கீழே செல்லச் செல்லச் சோர்ந்துவிடுகின்றன. கனத்த நாதத்துக்குக் கனமான தோல் வேண்டும். மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன்பு தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறாரல்லவா? அந்தப் பாரமே இடந்தலையின் சுருதியை இறக்கி அதற்குக் கும்மென்ற தொனியைக் கொடுக்கிறது. சப்வூபரின் கூம்பு கனமாகவும் அகலமாகவும் இருப்பதும் இத்தகைய காரணத்தாலேயே. அத்துடன், மூடிய காரின் சிறு கூடம் தாழ்சுரங்களைத் தானாகவே பெருக்கிக் காட்டும். ஆதலின், ஆசனத்தின் அடியில் ஒடுங்கும் தட்டையான பெட்டியே ஒரு குடும்பக் காருக்குப் போதுமானது. அம்ப்ளிபயரும் அதனுள்ளேயே அடங்கியிருக்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி பிறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள காரையே பேணி அழகுபடுத்தும் வழக்கம் வளர்ந்தது. ஜப்பானிலிருந்து வந்த கார்கள் பலவற்றில் உள்ள றேடியோ அந்நாட்டு எப்.எம். அலைவரிசைகளுக்கென அமைந்தது, நம் நாட்டு நிலையங்களிற் பல அதில் அகப்படா. எனவே செற்றை மாற்றுவார்கள். மாற்றும்போது சப்வூபர் ஆசையும் கூடவே வந்துவிடும்.

இங்கே ஒரு கணக்கை மாணவ நேயர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். 150 வாட் ஒலி தரும் ஒரு பெட்டி, தன்னுள் வெப்பமாகப் போவதையும் சேர்த்துச் சுமார் 187 வாட் வாங்குகிறது என்று கொள்வோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அங்கே இதற்கு ஓர் அம்பியர்கூட வேண்டியதில்லை. கார்ப் பற்றரியோ 12 வோல்ட் சொச்சம். அங்கே 15 அம்பியர் ஓட வேண்டும்! ஐந்து மீற்றர் நீளமுள்ள, ஒரு சதுர மில்லிமீற்றர்ப் பருமனுள்ள மெல்லிய வயரில் இதை ஓட்டினால், வழியிலேயே 1.3 வோல்ட் தொலைந்துபோகும். 19 வாட் வயரைச் சுடவைக்கும். எட்டுச் சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கேபிளாயின் இழப்பு 0.16 வோல்ட் மாத்திரமே. பெட்டிக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்துவிட்டுக் கேபிளிலே மிச்சம் பிடிப்பவரைக் காணும்போது நமக்கு வியப்பே உண்டாகிறது. மலிவான கேபிள்கள் சில செப்பு முலாம் பூசிய அலுமினியமே. நுனியைக் கத்தியாற் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரியும்.

பியூஸ் விஷயத்தில் பலருக்கு மயக்கம் உண்டு. பியூஸ் காப்பது பெட்டியை என்று நினைக்கிறார்கள். அது முதன்மையாகக் காப்பது கேபிளை. பற்றரியிலிருந்து வரும் கேபிள், என்ஜினுக்கும் ஆசனங்களுக்கும் இடையேயுள்ள தகட்டுத் துவாரத்தின் வழியாக உள்ளே நுழைகிறது. அத்துவாரத்தில் இறப்பர் வளையம் இல்லாவிட்டால், வண்டி குலுங்கும்போதெல்லாம் தகட்டின் விளிம்பு உறையை அறுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் செப்பு தகட்டைத் தொடும். அக்கணமே பற்றரி தன்னிலுள்ள நூற்றுக்கணக்கான அம்பியரை அவ்வழியே கொட்டிவிடும். கேபிள் செக்கச் சிவந்து தீப்பற்றும். பியூஸ் பெட்டியின் அருகில் இருந்தால் என்ன பயன்? இடையிலுள்ள கேபிள் முழுவதும் காவலின்றிக் கிடக்கிறதே! பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருத்தல் வேண்டும். காரினுள்ளே பின்னாசனத்தில் நம் குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நினைந்தால், இதில் சலுகை காட்ட மனம் வருமா?

ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்குத் தனியே ஒரு சொல். ஆக்குவா, மூன்றாந் தலைமுறை பிரியஸ் முதலியவற்றில் 12 வோல்ட் பற்றரி பின்புறத்திலேயே இருப்பதால் கேபிளின் நீளம் குறையும், வேலை எளிது. ஆனால் செம்மஞ்சள் நிறக் கேபிள்களைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும். அவற்றில் உள்ளது உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம்.

வேலையைத் தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுவது முறை. சப்வூபரின் எதிர்வயரைக் காரின் உடற்றகட்டிலே வர்ணத்தைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்கிப் பூட்ட வேண்டும். அந்த வயர் குட்டையாக இருத்தல் நலம். செற் இயங்கும்போது மாத்திரம் பெட்டியை விழிக்கச் செய்யும் மெல்லிய ‘றிமோட்’ வயர் ஒன்று உண்டு. அதை மறந்து நேரே பற்றரியில் இணைத்தால், பெட்டி இரவெல்லாம் விழித்திருந்து காலையில் வண்டி கிளம்ப மறுக்கும். ஒலியைக் கொண்டுவரும் வயரை மின்கேபிளுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுசென்றால், என்ஜினின் சீழ்க்கை பாட்டோடு கலந்து கேட்கும் தொல்லை பெரிதும் குறையும்.

இனிச் சுருதி சேர்க்கும் வேலை. ஹெந்தளைக்கு ஒலி வேலை புதிதன்று. சிங்களத் திரைப்படங்கள் பல உருவான விஜயா ஸ்டூடியோ இங்கேதான் இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் அது தீக்கிரையானதை மூத்தோர் அறிவர்.

பெட்டியிலுள்ள ‘கெயின்’ என்னும் திருகு சத்தத்தைக் கூட்டுவதற்கு அன்று. செற்றின் பலத்துக்கும் பெட்டியின் பலத்துக்கும் பொருத்தம் பார்ப்பதற்கே. செற்றின் பாஸ் முதலியவற்றைச் சமநிலையில் வைத்து, ஒலியை முக்காற் பங்கு உயர்த்துக. பிறகு கெயினை மெல்லத் திருப்பி, நாதம் கரகரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுப் பின்வாங்குக. தாழ்சுர வடிகட்டியை 80 ஹேர்ட்சில் நிறுத்தலாம். கதவு ஸ்பீக்கர்களுக்கு அவ்வளவுக்குக் கீழ்ப்பட்ட சுரங்களைத் தடுக்கும் வசதி செற்றில் இருந்தால் அதையும் பயன்படுத்துக. ‘பேஸ்’ என்னும் சுவிட்சில் 0, 180 என இரு நிலைகள் உண்டு. ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே சென்றால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். சாரதி ஆசனத்தில் அமர்ந்து, எந்நிலையில் தாழ்சுரம் நிறைவாக ஒலிக்கிறதோ அதையே கொள்க. ‘பாஸ் பூஸ்ட்’ என்பதைத் தொடாதிருப்பதே உத்தமம்.

சோதனைக்கு நாதஸ்வரக் கச்சேரி ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்பது நம் வழக்கம். தவிலின் இருபக்கங்களும் வேறுவேறாகத் தெரிந்து, அடி விழுந்தவுடன் நாதம் நின்றுவிட வேண்டும். ஆசனத்துக்கு அடியிலிருந்து தனியே ஒருவன் தட்டுவதுபோலத் தோன்றினால் கெயின் மிகுதி என்பது திண்ணம். தாழ்சுரங்களைச் செவி மந்தமாகவே உணர்வதால் மேலும் மேலும் கூட்டத் தோன்றும். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாமெனின், 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரமே எல்லை என்பது தொழிற் சுகாதார நிபுணர் கொண்டுள்ள கணக்கு.

கடற்காற்று வீசும் ஹெந்தளை போன்ற ஊர்களில் உப்பீரம் செப்பையும் இரும்பையும் சும்மா விடுவதில்லை. உடற்றகட்டில் பூட்டிய முனையில் பச்சை பூத்தாலோ, நீண்ட நேரம் பாட்டுக் கேட்டபின் தொடுகையில் சுட்டாலோ, அதைக் கழற்றித் தேய்த்துச் சுத்தஞ் செய்து, மெல்லக் கிரீஸ் தடவி மீண்டும் இறுக்குக. ஆறு மாதத்துக்கொரு முறை இதைச் செய்தால் போதும். அரைமணி நேர வேலை.