கட்டுச்சோறும் முதியோர் உலாவும்

விடுமுறை நாளன்று குடும்பத்தார் வெளியே புறப்படும்போது, வீட்டிலுள்ள முதியவர்கள் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் சொல்லுவார்கள். “நான் எதற்கு? நீங்கள் போய் வாருங்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.” இதைக் கேட்டதும் நாமும், “பாட்டிக்கு வெளியே வர விருப்பமில்லை” என்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறோம். அந்த மறுப்பு விருப்பமின்மையால் எழுந்ததுதானா என்று சற்றே நின்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

சொந்த ஊரில் இருக்கும் முதியவருக்குத் திண்ணை உண்டு, கோயில் உண்டு, பெயர் சொல்லி அழைக்கும் உறவினர் உண்டு. பிழைப்பை நாடி மட்டாஞ்சேரிக்கு வந்த நம் குடும்பங்களிலோ, பிள்ளை கடைக்கோ அலுவலகத்துக்கோ சென்றபின், பேரக்குழந்தைகள் பள்ளிக்குச் சென்றபின், மலையாளம் பேசவராத தாய்க்கு மிஞ்சுவன நான்கு சுவர்களே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 12.6 பேரும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10.4 பேரும் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஆகவே இஃது ஏதோ ஒரு வீட்டுச் செய்தி அன்று. நம் தெருக்கள் பலவற்றின் செய்தி.

மறுப்பின் காரணங்கள்

“நான் எதற்கு?” என்ற சொல்லுக்குள் நான்கு அச்சங்கள் அடங்கியிருக்கக் காணலாம். முதலாவது, முழங்கால்: படியும் படகும் ஏற முடியுமோ என்ற கவலை. இரண்டாவது, வாய்விட்டுச் சொல்ல நாணும் கழிப்பிடக் கவலை. மூன்றாவது, உணவு: உணவு விடுதியின் எண்ணெயும் காரமும் வயிற்றுக்கு ஒவ்வாமற் போகுமே என்பது. நான்காவது, செலவு: தம்பொருட்டுப் பிள்ளைக்கு வீண் செலவு ஏற்படலாகாது என்ற அன்பு. இவற்றில் பின்னிரண்டையும் ஒருசேரத் தீர்க்கவல்லது நம் பாட்டிமார் கண்ட கட்டுச்சோறு.

உலா என்றால் உணவு விடுதி என்ற எண்ணம் அண்மையில் வந்தது. ஆடிப் பதினெட்டாம் நாள் காவிரிக் கரைக்குச் சென்றவர்கள் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எனச் சித்திரான்னங்களை வீட்டிலேயே செய்து எடுத்துச் சென்று, கரையில் அமர்ந்து உண்டார்கள். அந்தக் கூட்டத்தில் முதியவர்களே முதன்மையானவர்கள்; சோற்றை உருட்டிக் கையில் இட்டவர்கள் அவர்கள்தாம். கொச்சியில் ஆடி என்பது கர்க்கடகம். மழை கொட்டும் மாதம். ஆதலால் அந்த வழக்கத்தை இங்கே தைமாதத்துக் காணும் பொங்கலுக்கு மாற்றிக்கொள்வது பொருந்தும். மழையும் இராது, புழுக்கமும் குறைந்திருக்கும்.

சோறு கெடாதிருக்க

கட்டுச்சோற்றின் பக்குவத்தில் நுட்பம் உண்டு. புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் உப்பும் மிளகாயும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, வறுத்துப் பொடித்த வெந்தயத்தையும் பெருங்காயத்தையும் கலந்தால் அதுவே புளிக்காய்ச்சல். புளிப்பும் உப்பும் கூடிய இடத்தில் சோற்றைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகுவதில்லை. புளிச்சோறு பயணத்துக்கு ஏற்றதானமை இதனாலேயே. தேங்காய் அப்படியன்று; கொச்சியின் வெப்பத்தில் விரைவில் ஊசிப்போகும். எனவே தேங்காய்ச் சோற்றையும் சட்டினியையும் தவிர்த்து, இட்டிலிக்கு நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியைத் தடவி எடுத்துச் செல்வது நன்று.

தயிர்ச்சோற்றுக்குச் சோற்றைக் குழைய வடித்து, காய்ச்சிய பாலை ஊற்றி நன்றாக மசித்து, ஆறியபின் ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்க்க வேண்டும். காலையில் பாற்சோறாக இருப்பது நண்பகலில் புளிக்காத தயிர்ச்சோறாகியிருக்கும். பல்லில்லாதவருக்கும் அது தொண்டையில் இதமாக இறங்கும். எந்தச் சோறாயினும் அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆறவிட்டே கட்டவேண்டும். ஆவியோடு மூடினால் வேர்த்து நொந்துபோகும். காலையில் கட்டியதை நண்பகலுக்குள் உண்டுவிடுவதே நலம். நீரிழிவு உடையவருக்கு உணவு நேரம் தவறக்கூடாது. இரத்த அழுத்தம் உடையவருக்கு ஊறுகாயும் அப்பளமும் குறையவேண்டும். அவரவர் மாத்திரையையும், சீரகம் இட்டுக் கொதிக்கவைத்த நீரையும் மறவாமல் எடுத்துக்கொள்க.

மலையாள அன்பர்கள் வாழையிலையை அனலில் வாட்டிச் சோற்றையும் கறிகளையும் பொதிந்து கட்டும் பொதிச்சோறும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான். வாட்டிய இலை கிழியாது. அதன் மணமும் சோற்றில் ஏறும். நம் புளிச்சோற்றை அவர்கள் முறையில் கட்டினால் இரண்டு நாட்டுச் சுவையும் ஒரு பொதியில் அமையும்.

எங்கே செல்வது?

நெடுந்தொலைவு செல்லவேண்டும் என்பதில்லை. கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரியிலும் அதன் முனையம் திறக்கப்பட்டது. பழைய படகுத் துறைகளில் நீர் ஏறி இறங்குந்தோறும் படகின் தட்டும் ஏறி இறங்கும். முதியவர்கள் அஞ்சியது அந்த இடைவெளிக்கே. வாட்டர் மெட்ரோத் துறைகளில் மிதவை மேடையும் நீரோடு சேர்ந்தே உயர்ந்து தாழ்வதால், மேடையும் படகும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கின்றன. சக்கர நாற்காலியையும் உள்ளே கொண்டு செல்லலாம். ஹைகோர்ட்டு முனையத்தில் இறங்கினால் மரைன் டிரைவ் நடைபாதையில் காயலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கலாம்.

மட்டாஞ்சேரி அரண்மனையோ நம் வாசலிலேயே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கட்டி, 1663இல் டச்சுக்காரர் பழுதுபார்த்த அம்மாளிகையின் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. மலையாளம் தெரியாத பாட்டிக்கு அங்கே யாருடைய விளக்கமும் தேவையில்லை. இவர் தசரதர், இவர் அனுமார் என்று பேரக்குழந்தைகளுக்குச் சொல்லும் ஆசிரியை அவரே ஆகிவிடுவார். வீட்டில் எல்லாவற்றுக்கும் பிறரைக் கேட்டுக் கேட்டு வாழும் ஒருவருக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரிது என்பதை அவர் முகமே சொல்லும். மாடிக்குச் செல்லும் படி செங்குத்தானது. கைப்பிடித்து மெல்ல ஏற்றவேண்டும். வெள்ளிக்கிழமையில் அரண்மனை அடைத்திருக்கும்.

இரயிலில் செல்ல விரும்புவோருக்கு, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன் என்ற முறையில் சிலவற்றைக் கூறுவேன். மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. எனவே முழுக் கட்டணத்தையும் கணக்கிட்டே திட்டமிடுக. ஆயினும் அறுபது வயதான ஆடவர்க்கும் நாற்பத்தைந்து வயதான மகளிர்க்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஒருவரோ இருவரோ மட்டும் ஒரு சீட்டில் பதிவு செய்யும்போதே அது பயன்படும். குடும்பம் முழுவதற்கும் ஒரே சீட்டாகப் பதிந்தால் அவ்வொதுக்கீடு கிட்டாது. முதியவர் இருவருக்கும் தனிச்சீட்டு எடுப்பதே வழி. 2024 நவம்பர் முதல் அறுபது நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்குகிறது என்பதையும் நினைவில் கொள்க.

பகல் வண்டியில் பாலக்காடுவரை சென்று வருவதே ஒரு நல்ல உலா. மூன்று மணி நேர அளவில் மலைத்தொடர் விலகி வழிவிட, காற்றின் ஈரம் குறைந்து, பனைமரங்கள் கண்ணிற்படும். பல ஆண்டுகளாகத் தென்னையையே கண்டு வாழும் நம் மூத்தோருக்குச் சாளரத்தில் தோன்றும் அந்தப் பனை, சொந்த ஊரே எதிர்வந்து நிற்பது போலத் தோன்றும்.

ஒரு தேநீர்க்கடைத் தம்பதி

செலவைக் காரணம் காட்டுவோர் அறிய வேண்டிய கதை நம் நகரிலேயே உண்டு. கொச்சி காந்திநகரில் சிறு தேநீர்க்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியர் நாள்தோறும் முந்நூறு ரூபாய் அளவில் எடுத்துவைத்து, போதாததற்குக் கடன்பெற்று, அதைக் கடை வருவாயிலிருந்தே அடைத்து, 2007 முதல் 26 நாடுகளைக் கண்டு வந்தார்கள். 2021 அக்டோபரில் உருசியாவுக்குச் சென்றனர். மறுமாதமே விஜயன் காலமானார். அப்பயணத்தை அவர்கள் அடுத்த ஆண்டுக்கென்று தள்ளிவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவர்களைப்போல் நாமும் கடல்கடந்து செல்லவேண்டும் என்று நான் கூறவில்லை. நாளொன்றுக்குப் பத்து ரூபாய் உண்டியலில் இட்டால் மாதம் முந்நூறு ரூபாய் சேரும். கட்டுச்சோறு கையிலிருக்க, காயல் கடந்து சென்றுவர ஒரு சிறு குடும்பத்துக்கு இது போதுமானது.

ஆகவே நம் சங்கத்து அன்பர்கள் மாதத்தில் ஒரு நாளை மூத்தோருக்கென்று ஒதுக்குவார்களாக. அன்று அவர்கள் நடக்கும் வேகமே அனைவர்க்கும் வேகம் ஆகுக. எங்கே கழிப்பிடம் உண்டு, எங்கே நிழலில் இருக்கை உண்டு என்பதை முதல் நாளே ஒருவர் சென்று பார்த்து வருக. “வருகிறீர்களா?” என்று கேட்டால் “நான் எதற்கு?” என்றே விடை வரும். மாறாக, “அம்மா, நாளைக்குப் புளிக்காய்ச்சல் நீங்கள்தான் பக்குவம் சொல்லவேண்டும்” என்று முந்தின மாலையே சொல்லிப் பாருங்கள். அடுப்படியில் தொடங்கிய பங்கு அவரை மறுநாள் படகுத் துறைவரை அழைத்து வந்துவிடும்.

“கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?” என்பது பழமொழி. ஒரு நாளைக்குத்தான். ஆனால் அந்த ஒரு நாளைக்காகவே வீட்டில் ஒருவர் நெடுங்காலமாகக் காத்திருக்கக்கூடும்.